ஒரே வடிகான், இரண்டு பெயர்: உள்ளூர் வேலைக்கான வாக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் கிடைக்கிறதா?

#1 வடகொழும்பு வாசகி

கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், அதாவது நெருக்கமான குடியிருப்பில், வடிகானுக்குக் கொங்கிரீட் மூடி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே பணம், அதே கொந்துறாத்துக்காரர், அதே சீமெந்து. கொண்டுவந்தவர் மாநகர சபையிலோ பாராளுமன்றத்திலோ இருக்கும் ஆண் உறுப்பினர் என்றால் தோட்டத்தில் பேச்சு இப்படிப் போகும்: "ஆள் செல்வாக்கானவர், மேலிடத்தில பேசி எடுத்துட்டார்." பெண் உறுப்பினர் என்றால்: "நல்ல மனுசி, கேட்டதும் செய்து குடுத்தா." இரண்டும் பாராட்டுத்தான். ஆனால் அடுத்த தேர்தலில் இரண்டுக்கும் ஒரே எடை இல்லை. செல்வாக்கு என்பது வருங்காலத்தைப் பற்றிய கணிப்பு. இவரைத் திரும்பவும் அனுப்பினால் அடுத்த வேலையும் வரும் என்று சனம் நம்பும். நல்ல மனசு என்பது நடந்து முடிந்த ஓர் உதவி. அதற்கு நன்றி சொல்வார்கள், வாக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதற்குள் மூன்று விடயம் கலந்து கிடக்கிறது. முதலாவது எதிர்பார்ப்பு. ஆணிடம் அதிகாரத்தையும் பெண்ணிடம் பரிவையும் எதிர்பார்க்கப் பழகிவிட்டோம். உள்ளூர் வேலையில் இரண்டும் உண்டு: பணத்தைப் போராடி எடுப்பது ஒன்று, அதைப் பின்தங்கிய தோட்டத்துக்குக் கொண்டுபோவது இன்னொன்று. ஆண் செய்தால் முதலாவது கண்ணில் படுகிறது, பெண் செய்தால் இரண்டாவது. அடுத்தது, பெயர் சொல்லிக் கேட்பது. "இது நான் கொண்டுவந்த வேலை" என்று ஆண் சொன்னால் அறிவிப்பு. பெண் சொன்னால் தற்பெருமை என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. கடைசியாக, பின்னால் யார் என்ற கேள்வி: கணவரா, அப்பாவா, கட்சி அமைப்பாளரா.

ஆனால் எதிர்ப்பக்கமும் சாத்தியம்தான். பெண்ணிடம் பெரிதாக எதிர்பார்க்காத வாக்காளருக்கு, வேலை நடந்தால் வியப்பு கூடும், வியப்புக்கு மதிப்பெண் கூடும். ஆகவே வாதத்தை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. இங்கே ஆய்வு தெரிந்தவர்களும் நிதி நடைமுறை தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். எழுதுங்கள்.

#2 திட்டமிடல் கிளை

பின்னால் யார் என்று நீங்கள் கேட்டதை நான் முதலில் எடுக்கிறேன். யார் செய்தது என்று குழம்புவதற்கு நமது நிதி நடைமுறையே வழிவிடுகிறது.

கொழும்பு நகரத்துக்குள் ஒரு சின்ன வேலைக்குப் பணம் வருவது பெரும்பாலும் மூன்று வாசலால். பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி ஒரு வாசல். இந்த ஏற்பாடு 1974இல் தொடங்கியது. உறுப்பினர் முன்மொழிவைக் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) திட்டமிடல் பிரிவுக்குக் கொடுப்பார். அது பிரதேச செயலகத்துக்கு இறங்கும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். சின்ன வேலை என்றால் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற பதிவுபெற்ற சங்கத்துக்கே ஒப்பந்தம் போகலாம். வேலை முடிந்து அளந்து பார்த்த பின் பில் கட்டுவார்கள். எல்லாம் டிசம்பர் 31க்குள் முடியவேண்டும்; முடியாவிட்டால் பணம் திறைசேரிக்குத் திரும்பும். இந்தக் கோவையில் முன்மொழிந்தவரின் பெயர் ஆரம்பம் முதல் கடைசி வரை நிற்கும்.

இரண்டாவது வாசல் மாநகர சபையின் சொந்த நிதி, அதாவது சோலைவரியும் கட்டணங்களும். இங்கே உறுப்பினர் சபையிலோ குழுவிலோ கேட்பார், பொறியியல் பிரிவு முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கும், வேலை "மாநகர சபையின் வேலை" என்ற பெயரில் நடக்கும். கேட்டவரின் பெயர் கூட்டக் குறிப்பைத் தாண்டி வெளியே வராது. மூன்றாவது, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை ஆகியவற்றின் வேலைகள். இவற்றில் உள்ளூர் உறுப்பினருக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் குழாய் வந்த நாளில் பக்கத்தில் நின்று படம் எடுக்கத் தடையும் இல்லை.

இப்போது பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில், 2024 தேர்தலுக்குப் பிறகும் பெண்கள் பத்தில் ஒன்றை எட்டவில்லை. உள்ளூராட்சி சபைகளில் 25 வீத ஒதுக்கீடு சட்டமாகி, 2018 பெப்ரவரி 10 தேர்தலில் முதன்முறை நடைமுறைக்கு வந்தது. 2 வீதத்துக்கும் கீழே இருந்த பெண்களின் பங்கு 20 வீதத்தைத் தாண்டியது. ஆக, பெயர் ஒட்டிக்கொண்டு வரும் பணம் இருக்கும் இடத்தில் பெண்கள் மிகக் குறைவு. பெண்கள் ஓரளவு இருக்கும் இடத்தில் பணத்துக்குப் பெயர் ஒட்டுவதில்லை.

இன்னொன்று. உள்ளூராட்சி உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தில் வென்று வருபவர்கள், 40 வீதம் கட்சிப் பட்டியலில் வருபவர்கள். ஒதுக்கீட்டின் பெரும்பகுதியைக் கட்சிகள் பட்டியல் வழியாகவே நிரப்பின. வட்டார வேட்பாளர்களில் பெண்கள் குறைவு. பட்டியலில் வந்தவருக்கு வட்டாரம் கிடையாது. அவர் போராடி ஒரு வடிகான் வேலையை எடுத்துத் தந்தாலும் அது ஏதோ ஒரு வட்டாரத்துக்குள்தான் கிடக்கும், அந்த வட்டாரத்துக்கு ஏற்கெனவே ஓர் உறுப்பினர் இருப்பார், பெரும்பாலும் ஆண். திறப்பு நாளில் மைக் அவர் கையில். இதில் பெண்ணைப் பற்றிய மனப்பதிவுக்கு முன்னாலேயே கட்டமைப்பு பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

#3 எண்ணும் எழுத்தும்

திட்டமிடல் கிளை சொன்ன கட்டமைப்பு விடயம் மிக முக்கியம். அதை மனதில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுச் சான்றுகளைப் பார்ப்போம்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1984 முதல் 2004 வரையான நிதிப் பங்கீட்டை ஆராய்ந்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. பெண் உறுப்பினர் இருக்கும் தொகுதிக்கு, விருப்புரிமையின் பேரில் ஒதுக்கப்படும் கூட்டாட்சி நிதி சுமார் 9 வீதம் கூடுதலாகப் போயிருந்தது. தொகைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 49 மில்லியன் டொலர். ஆய்வாளர்கள் தந்த விளக்கம்: வாக்காளரின் பாரபட்சத்தைத் தாண்டி வெல்ல வேண்டுமென்றால் பெண் வேட்பாளர் சராசரி ஆண் வேட்பாளரை விடத் திறமைசாலியாக இருக்கவேண்டும், ஆகவே வென்று வந்தவர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள். இதற்கு ஒரு சோதனையும் உண்டு. கணவர் இறந்து அந்த ஆசனத்துக்கு வந்த பெண்கள் அதே வடிகட்டலைத் தாண்டி வராதவர்கள். அவர்களிடம் இந்த மேலதிகம் தென்படவில்லை. அப்பா, கணவர், சகோதரர் வழியாகப் பல பெண்கள் பாராளுமன்றம் போன நம் நாட்டில் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும்.

இது கொண்டுவருவதைப் பற்றியது. கொண்டுவந்ததற்கு மதிப்புக் கிடைக்கிறதா என்பதற்கு இந்தியக் கிராமங்கள்தான் நல்ல இடம். 1992இன் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, அந்த ஒதுக்கீடு தேர்தலுக்குத் தேர்தல் ஊர் மாறும். எந்த ஊருக்கு எப்போது என்பது ஊரின் குணத்தைப் பார்த்து முடிவாவதில்லை. ஆகவே ஒப்பீடு சுத்தமானது. மேற்கு வங்கத்தின் பீர்பூமிலும் ராஜஸ்தானின் உதய்ப்பூரிலும் 265 பஞ்சாயத்துகளைப் பார்த்த சட்டோபாத்யாயும் டுஃப்ளோவும், பெண் தலைவர்கள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டார்கள் என்று 2004இல் காட்டினார்கள். பல மாநிலங்களை உள்ளடக்கிய இன்னொரு ஆய்வில், பெண் தலைமை இருந்த ஊர்களில் பொது வசதிகள் எண்ணிக்கையில் கூடுதலாக இருந்தன, தரமும் குறைவில்லை, லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்களும் குறைவு. அப்படியிருந்தும் ஊரவரின் திருப்தி குறைவு. பஞ்சாயத்தின் கையில் இல்லாத சுகாதார சேவையில்கூட, பெண் தலைவி இருந்த ஊரில் திருப்தி குறைவாகப் பதிவானது.

வாசகி அக்கா, உங்கள் கேள்விக்கு இதுதான் மிக நேரான சான்று. வேலை கூடியது, மதிப்பெண் குறைந்தது.

இது மாறாத விதியா என்றால், இல்லை. 2009இல் வெளியான தொடர் ஆய்வில் ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிந்து போட்டுக் காட்டினார்கள். பெண் தலைமையே பார்த்திராத ஊர் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். ஒதுக்கீடு நடந்திருந்த ஊர்களில் அந்த இடைவெளி மறைந்தது. "தலைவராக ஆண்தான் பிடிக்கும்" என்ற விருப்பம் மாறவில்லை. "பெண்ணால் இயலாது" என்ற கணிப்புத்தான் மாறியது. இரண்டு தடவை ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பெண்கள் கூடுதலாக வென்றார்கள். ஒரு தடவை போதவில்லை.

#4 மருதானைப் பார்வை

எனக்கு இதில பாதிதான் ஏறுது. கொழும்பு மாவட்டத்தில 17 இலட்சத்துக்கும் மேல வாக்காளர். 2024இல 18 ஆசனம். கட்சிக்குப் போட்ட பிறகு, அந்தக் கட்சி வேட்பாளருக்கெண்டு ஆளுக்கு 3 விருப்பு வாக்கு வரை. இதுக்குள்ள ஒரு தோட்டத்தில போட்ட மூடிக்கு எத்தினை விருப்பு வாக்கு வரும்? ஒரு பாராளுமன்ற உறுப்பினர் தன்ர முழு ஒதுக்கீட்டையும் வடகொழும்புக்கே குடுத்தாலும் மாவட்டத்தில மிச்ச ஆக்களுக்கு அது தெரியவே வராது.

2024 நவம்பர் 14 தேர்தலில தேசிய மக்கள் சக்தியின்ர ஹரினி அமரசூரிய இந்த மாவட்டத்தில 655,289 விருப்பு வாக்கு எடுத்தா. வடிகான் மூடிக்காக யாரும் போடேல்ல. கட்சிக்காகவும், ஆள் யாரெண்டு தெரிஞ்சதாலையும் போட்டாங்க. அதே அலையிலதான் பதுளையில அம்பிகா சாமுவேல், நுவரெலியாவில கலைச்செல்வி கிருஷ்ணன், மாத்தறையில சரோஜா சாவித்திரி போல்ராஜ் எல்லாரும் போனவை. பெண்ணெண்டு சனம் ஒதுக்கியிருந்தா இது நடந்திருக்குமா?

அதோட இந்தியக் கிராமத்தையும் அமெரிக்காவையும் இங்க கொண்டுவந்து பொருத்தேக்க கவனம் வேணும். அங்க ஒரு தொகுதிக்கு ஒரு ஆள்.

#5 வடகொழும்பு வாசகி

மருதானை அண்ணா சொல்வது மாவட்ட மட்டத்துக்குச் சரி. ஆனால் அது எனது கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. கட்சிச் சின்னமே முடிவு செய்யும் தேர்தலில் பெண்கள் நன்றாக வருகிறார்கள். தனியாளின் உள்ளூர் வேலையை வைத்துச் சனம் முடிவு செய்யும் தேர்தலில் அவர்கள் பின்தங்குகிறார்களா என்பதுதான் பார்க்கவேண்டியது. அதற்கு ஏற்ற இடம் வட்டாரம். அங்கே ஒரு வட்டாரம், ஒரு முகம் (பல அங்கத்தவர் வட்டாரங்களை விட்டால்).

"பின்னால் யார்" என்ற கேள்வி கொழும்புத் தமிழருக்குப் பழையது. 1932 இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்கு (அன்றைய சட்டசபைக்கு) போனார். கணவர் இரத்தினசோதி சரவணமுத்து தகுதியிழந்ததால் வெற்றிடமான ஆசனம் அது. 1936இல் அவர் மீண்டும் வென்றார். முதல் வெற்றியைக் கணவரின் பெயருக்கு எழுதலாம், இரண்டாவதை அவர் சொந்தக் கணக்கில்தான் எழுதவேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஆனாலும் இன்றுவரை அவரைப் பற்றிய பேச்சு கணவரில்தான் தொடங்குகிறது.

#6 எண்ணும் எழுத்தும்

தேர்தல் முடிவை வைத்தே இதைப் பார்க்கலாமே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். விருப்பு வாக்கு மாவட்ட மொத்தமாகத்தான் வெளியாகிறது. கொழும்பு வடக்கு, கொழும்பு மத்தி, பொரளை என்று தொகுதிவாரியாகக் கட்சி வாக்குத்தான் கிடைக்கும். ஆகவே ஒரு வேலைக்கும் ஒருவருடைய விருப்பு வாக்குக்கும் முடிச்சுப் போடவே முடியாது. உள்ளூராட்சியில் வட்டார முடிவு கிடைக்கும். ஆனால் போடுவது ஒரே வாக்கு, அது கட்சிக்கும் வட்டார வேட்பாளருக்கும் சேர்த்தே எண்ணப்படும். இந்தியாவைப் போல ஒதுக்கீடு வட்டாரத்துக்கு வட்டாரம் சுழல்வதும் இல்லை. எந்த வட்டாரத்தில் பெண்ணை நிறுத்துவது என்பதைக் கட்சி தீர்மானிக்கிறது. வெல்ல வாய்ப்பில்லாத வட்டாரத்தைக் கொடுத்துவிட்டு, தோற்ற பிறகு "பெண்ணுக்குச் சனம் போடேல்ல" என்று சொன்னால் அது சான்றாகாது.

மிஞ்சுவது பரிசோதனைக் கருத்துக்கணிப்பு. ஒரு சின்ன வாசகத்தைக் காட்டி, உறுப்பினரின் பால், வேலையின் வகை இரண்டையும் எழுமாறாக (குலுக்கல் முறையில்) மாற்றவேண்டும். கேட்கச் சுலபம், கெடுவதற்கு வழி நிறைய.

மாதிரி அளவுதான் முதலில் உதைக்கும். ஆண் பெயர் பார்த்தவர்களுக்கும் பெண் பெயர் பார்த்தவர்களுக்கும் இடையில் 0.2 நியம விலகல் (பதில்கள் பரவியிருக்கும் அளவில் ஐந்தில் ஒன்று) வித்தியாசத்தை 80 வீத வலுவுடன் (உண்மையில் இருந்தால் பிடிபடும் வாய்ப்பு), 5 வீத மட்டத்தில் (இல்லாததை இருப்பதாக எண்ணும் வாய்ப்பு) பிடிக்க, பக்கத்துக்கு ஏறத்தாழ 392 பேர், மொத்தம் 784 வேண்டும். ஆனால் நம் கேள்வி அது அல்ல. "வேலை செய்ததற்குக் கிடைக்கும் மேலதிகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறதா" என்பது இடைவினை. அதே 0.2 அளவு இடைவினையைப் பிடிக்க நான்கு மடங்கு, 3,136 பேர். இடைவினை பாதி அளவுதான் என்றால் 12,500ஐத் தாண்டும். 400 பேரிடம் கேட்டுவிட்டு "வித்தியாசம் இல்லை" என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. அந்த மாதிரிக்கு வித்தியாசம் இருந்தாலும் தெரியாது. செலவைக் குறைக்க ஒருவருக்கே நான்கைந்து சோடி வாசகங்கள் காட்டலாம். ஆனால் அவருடைய பதில்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை, நியம வழுவை (மதிப்பீட்டின் தளம்பலை) ஆள்வாரியாகத் தொகுத்தே கணிக்கவேண்டும்.

அடுத்து பெயர். நாம் மரியாதையாக "பெற்றுத் தந்தார்" என்று எழுதினால் அவர் ஆணா பெண்ணா என்று வாசகருக்குத் தெரியாமலே போகும். எழுத்துச் சிங்களத்தில் வினைமுற்று அதைக் காட்டிவிடும். ஆகவே இரண்டு மொழியிலும் ஒரே வாசகத்தைப் போட்டால், சிங்களப் பிரதியில் பால் வலுவாகவும் தமிழ்ப் பிரதியில் மெலிதாகவும் பதியும்; பிறகு "தமிழரிடம் பாரபட்சம் குறைவு" என்று பிழையான முடிவு வரும். தமிழ்ப் பிரதியில் பெயரை மூன்று தடவையாவது சொல்லவேண்டும். "திருமதி" போடக்கூடாது, அது திருமண நிலையையும் சேர்த்து உள்ளே கொண்டுவருகிறது. சந்திரன்/சந்திரா, இந்திரன்/இந்திரா போன்ற சோடிகள் நல்லவை: சமயம், தலைமுறை, ஊர் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் வாயால் கேட்டால் காதில் மாறி விழும், ஆகவே அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுக்கவேண்டும்.

தொகையும் நம்பும்படி இருக்கவேண்டும். ஒரு தோட்டத்து வடிகான் மூடிக்கு 5 கோடி என்று எழுதினால், பதில் சொல்பவர் உறுப்பினரை விட்டுவிட்டு ஊழலைப் பற்றி யோசிப்பார். அதைவிட மோசம், பெரிய தொகையை ஆணோடும் சின்னத் தொகையைப் பெண்ணோடும் வைப்பது. தொகை இரண்டுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும், அல்லது தொகையையும் தனியாக எழுமாற்றவேண்டும்.

களத்தில், கதவைத் திறந்தவரிடம் கேட்கக்கூடாது. வேலைநாள் பகலில் ஒரு வகை ஆட்கள்தான் வீட்டில் இருப்பார்கள். வீட்டில் அடுத்துப் பிறந்தநாள் வரும் வயதுவந்தவரைத் தெரிவுசெய்து, அவர் இல்லாவிட்டால் திரும்ப வரவேண்டும். மனைவியிடம் கேட்கும்போது கணவர் பக்கத்தில் நின்று பதில் சொல்வது தொடர்மாடிகளில் சர்வசாதாரணம். பதிலைச் சீட்டில் அடையாளமிட்டு உறையில் போடச் சொன்னால் ஓரளவு தப்பலாம். கேட்பவரின் பாலும் பதிலை மாற்றும். ஆகவே பெண் களப்பணியாளர்களைப் பெண்களிடமும் ஆண்களை ஆண்களிடமும் மட்டும் அனுப்பினால், கேட்பவரின் பாதிப்பும் பதில் சொல்பவரின் பாலும் பிரிக்கமுடியாமல் கலந்துவிடும். கலந்து அனுப்பி, யார் கேட்டார் என்பதைப் பதியவேண்டும்.

கொழும்பு மாவட்டத்தில் 13 பிரதேச செயலகப் பிரிவுகளும் 557 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் உள்ளன. ஒரு பிரிவுக்கு 25 பேராக எடுத்தால் 3,136க்கு ஏறத்தாழ 126 பிரிவுகள் வேண்டும். வாசகம் ஆளுக்கு ஆள் எழுமாற்றப்படுவதால், ஒரே பிரிவில் பலரை எடுப்பது ஒப்பீட்டைப் பெரிதாகக் கெடுக்காது. பிரிவுக்குப் பிரிவு எழுமாற்றினால்தான் ஆபத்து.

#7 புளூமெண்டல் பக்கம்

வேலையின் வகையைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகத் தொடவில்லை. பெண் உறுப்பினரிடம் கட்சி தள்ளிவிடுவது எது என்று பாருங்கள்: தையல் மெஷின், முன்பள்ளிக்குப் பொருட்கள், தாய்சேய் கிளினிக், சிறுவர் பூங்கா. ஆணுக்குப் போவது வீதி, கார்ப்பெட், வடிகான், வெளிச்சம். இரண்டுக்கும் சனத்தின் கண்ணில் ஆயுள் வேறு. தையல் மெஷின் ஒரு வீட்டுக்குள் போய்விடும். வாங்காத பத்து வீட்டுக்கு மனக்கசப்பு. வீதியில் தினமும் நடக்கிறார்கள். மரண உதவிச் சங்கத்துக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் பெயர் இருக்கும். ஒவ்வொரு செத்த வீட்டிலும் அந்தப் பெயரைச் சனம் பார்க்கும். கிளினிக்கில் யாருடைய பெயரும் இல்லை, மிட்வைஃபின் முகம்தான் நினைவில் நிற்கும்.

பெண் உறுப்பினர் கிளினிக் கொண்டுவந்தால் எதிர்பார்த்ததுதானே என்று போய்விடும். வீதி கொண்டுவந்தால் எதிர்பாராதது, ஆகவே இரண்டில் ஒன்று நடக்கும்: "பரவாயில்லையே" என்று மதிப்பு உயரும், அல்லது "இது அவ செய்ததில்ல" என்று வேறொருவரின் கணக்கில் போகும். எது நடக்கும் என்பது, அவர்தான் செய்தார் என்பதற்கு முன்கூட்டியே தடயம் இருக்கிறதா என்பதில் தங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வேலை முடிந்த பிறகு வந்து சொன்னால் உரிமை கோருவதாகத் தெரியும். மதிப்பீடு போட வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தால் தகவலாகத் தெரியும்.

அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் அறிவிப்புகளைப் பற்றிய ஆய்வொன்று இங்கே உதவும். வாக்காளர் தொகைக்கு ஏற்ப மதிப்பளிப்பதில்லை, எத்தனை தடவை செய்தி வந்தது என்பதற்கு ஏற்பவே மதிப்பளிக்கிறார்கள் என்று அது காட்டியது. சின்ன நிதியைக்கொண்ட மாநகர சபை உறுப்பினருக்கு இது சாதகம். ஒரு வடிகான் வேலையில் சொல்வதற்கு ஐந்தாறு கட்டம் இருக்கிறது: பிரேரணை வந்தது, பொறியியல் பிரிவு அளந்தது, பட்டியலில் ஏறியது, கேள்விக்கோரல் முடிந்தது, வேலை தொடங்கியது, முடிந்தது. வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, ஒரு படம், திகதி போதும். "எனது முயற்சியால்" என்று எழுதவே தேவையில்லை. பிரேரணையின் படமே சொல்லும், தற்பெருமை என்ற குற்றச்சாட்டுக்கும் இடம் குறையும்.

#8 மருதானைப் பார்வை

இங்கதான் நான் முட்டுறன். சோலைவரியில நடந்த வேலைக்கு ஏன் ஒரு ஆளின்ர பெயர்? கதிரை முதுகில பெயர் போடுறதே பிழை எண்டு நினைக்கிற ஆள் நான். ஆண் செய்யிற பிழையை பெண்ணும் சரிசமமா செய்யப் பழக்கிறதுதான் தீர்வா? வேலைக்கு வாக்கு எண்டு பழகினா, சட்டம் இயற்றுறது, வரவுசெலவை கேள்வி கேக்கிறது இதுக்கெல்லாம் ஒருத்தரும் மதிப்பெண் போடமாட்டினம்.

#9 வடகொழும்பு வாசகி

பெயர் போடுவதில் இரண்டு வகை உண்டு அண்ணா. "இன்னார் வழங்கியது" என்பது பொதுப்பணத்தைத் தன் பணமாகக் காட்டுவது. அதை யார் செய்தாலும் நானும் எதிர்ப்பேன். "இந்தப் பிரேரணையை இன்ன திகதியில் இன்னார் கொண்டுவந்தார்" என்பது பதிவு. பதிவு இல்லாவிட்டால் வேலை செய்யாதவரையும் பிடிக்கமுடியாது. பெயர் இல்லாத இடத்தில் நடுநிலை வருவதில்லை. சத்தமாகப் பேசுகிறவரின் பெயர் தானாகவே அங்கே ஒட்டிக்கொள்ளும், அது எந்தப் பக்கம் சாயும் என்பது இந்த இழை முழுக்கத் தெரிகிறது.

சட்டவாக்கத்துக்கு மதிப்பெண் இல்லை என்பதில் உங்களோடு முழு உடன்பாடு. ஆனால் அது தனி இழைக்குரியது.

#10 திட்டமிடல் கிளை

அந்தப் பதிவை எடுப்பது எப்படி என்று சொல்கிறேன், இதில்தான் பலர் தடக்குகிறார்கள்.

உறுப்பினர் பக்கத்தில் செய்யவேண்டியது: வாய்மூலம் கேட்கக்கூடாது. எழுத்தில் பிரேரணை, முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் பெயருடன். பிரேரணையில் "எமது பகுதி வடிகான்கள்" என்று பொதுவாக எழுதினால் பிறகு எந்த வேலையோடும் பொருத்தமுடியாது. ஒழுங்கையின் பெயர், தொடங்கும் இலக்கம், முடியும் இலக்கம், மீற்றர் அளவு வேண்டும். அடுத்த கூட்டத்தில் குறிப்பு உறுதிப்படுத்தப்படும்போது தன் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உறுதிப்படுத்திய பின் திருத்துவது கடினம். பட்டியல் உறுப்பினருக்கு இதுதான் ஒரே ஆயுதம், ஏனெனில் வட்டாரம் என்ற முகவரி அவருக்கு இல்லை. காலத்தையும் கவனியுங்கள்: ஆண்டின் கடைசி இரண்டு மாதத்தில் பில்கள் குவியும், அப்போது புதிதாகக் கேட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். அடுத்த ஆண்டு வரவுசெலவு தயாராகும் முன்னரே மதிப்பீடு கைவசம் இருக்கவேண்டும்.

வாக்காளர் பக்கத்தில்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், எந்தப் பிரஜையும் காரணம் சொல்லாமல் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வியை எழுதும் விதத்தில்தான் பலன் இருக்கிறது. "இந்த வேலையைச் செய்தது யார்" என்று கேட்டால் "மாநகர சபை" என்று ஒரு வரி வரும். "இன்ன ஒழுங்கையின் வடிகான் வேலைக்கான பிரேரணையின் பிரதி, அது பதிவான கூட்டக் குறிப்பின் பக்கம், மதிப்பீட்டுப் பிரதி, நிதி மூலம், இறுதிப் பில்லின் தொகை" என்று ஆவணத்தின் பெயரால் கேளுங்கள். வேலை எந்த நிறுவனத்தின் கீழ் வருகிறது என்று முதலில் அறியுங்கள். கழிவுநீர்க் குழாய் நகருக்குள் மாநகர சபையிடம், குடிநீர்க் குழாய் நீர் வழங்கல் சபையிடம். பிழையான வாசலில் போட்ட விண்ணப்பத்துக்கே பல வாரம் போகும்.

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் திறப்பு விழா, அரச வளம் என்பவற்றில் தேர்தல் ஆணைக்குழுவின் கட்டுப்பாடு வரும். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி வேட்பாளர், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்கவேண்டும். "செய்த வேலைகள்" என்று அச்சடிக்கும் துண்டுப்பிரசுரமும் அதில் அடங்கும்.

#11 எண்ணும் எழுத்தும்

நான் சொன்ன பரிசோதனைக்கான மாதிரி வாசகத்தின் முதல் வரைவு. பெயரையும் வேலையையும் மட்டும் மாற்றவேண்டும்:

"உங்கள் வட்டாரத்தின் மாநகர சபை உறுப்பினர் சந்திரா. கடந்த ஆண்டு தோட்டத்தின் பிரதான வடிகானுக்கு 120 மீற்றர் நீளத்துக்குக் கொங்கிரீட் மூடி இடப்பட்டது. இதற்கான பிரேரணையைச் சபையில் முன்மொழிந்தவர் சந்திரா. அடுத்த தேர்தலிலும் சந்திரா போட்டியிடுகிறார்."

கேள்விகள்: இவருக்கு வாக்களிக்கும் வாய்ப்பு 0 முதல் 10 வரை எவ்வளவு? இந்த வேலை நடந்ததற்கான 10 புள்ளிகளை உறுப்பினர், மேயர், கட்சி, பொறியியல் பிரிவு, உறுப்பினரின் குடும்பத்தார் ஆகியோருக்குப் பகிருங்கள். இவரால் அடுத்த ஆண்டும் ஒரு வேலை எடுத்துத் தர இயலுமா, 0 முதல் 10? கட்டுப்பாட்டுப் பிரதியில் (ஒப்பிடுவதற்கான பிரதியில்) வேலை பற்றிய இரண்டு வரியும் இருக்காது, இரண்டாவது கேள்வியும் இருக்காது.

#12 புளூமெண்டல் பக்கம்

"உங்கள் வட்டாரத்தின்" என்பதை எடுத்துவிடுங்கள். பதில் சொல்பவர் தன் உண்மையான உறுப்பினரை நினைத்துக்கொண்டு பதில் சொல்வார். "கொழும்பில் ஒரு வட்டாரத்தின்" போதும்.

#13 வடகொழும்பு வாசகி

புள்ளி பகிரும் கேள்வியை வாக்குக் கேள்விக்கு முன்னால் வைத்தால், "யார் செய்தது" என்று யோசிக்கவைத்தே வாக்குப் பதிலை மாற்றிவிடுவோம். இப்போதுள்ள வரிசை சரி, ஆனால் வாக்குக் கேள்வி வேறு அட்டையில் இருக்கட்டும், பதிலை வாங்கிய பின்தான் அடுத்த அட்டை. "சந்திரா ஆணா பெண்ணா" என்ற சரிபார்ப்புக் கேள்வி எல்லாவற்றுக்கும் கடைசியில்.

#14 எண்ணும் எழுத்தும்

இரண்டும் ஏற்றுக்கொண்டேன். இன்னொரு மாற்றமும்: பிரேரணை வரி உள்ள பிரதி, இல்லாத பிரதி என்று அதையும் எழுமாற்றுகிறேன். திட்டமிடல் கிளை சொன்ன தடயம் இருந்தால் குடும்பத்தாருக்குப் போகும் புள்ளி குறைகிறதா என்பது அதில் தெரியும். கட்டுப்பாட்டுப் பிரதியில் வேலை வரியே இல்லாததால் அறைகள் (பிரதி வகைகள்) ஆறாகின்றன. மாதிரியில் பாதிப் பேருக்குக் கட்டுப்பாட்டுப் பிரதி என்றால், பால், வேலை இரண்டுக்கும் உள்ள இடைவினையைப் பிடிக்க 3,136 போதும். பாலுக்கும் பிரேரணை வரிக்கும் உள்ள இடைவினைக்கு அது போதாது என்பதைக் களத்துக்குப் போகும் முன்னரே ஆய்வுத் திட்டத்தில் எழுதிப் பதிவுசெய்துவிடுவோம்.